நட்டு சாரும் நான்காவது விதியும்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கென்று எங்கள் ஊரில் ஒரு சங்கம் உண்டு. அதில் ஒரு வண்டியைச் சேர்த்துக்கொள்ளலாமா, வாசலோடு திருப்பி அனுப்பலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் பதினாறு வருடமாக ஒரே மனிதர் கையில் இருந்தது. அவருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியும், தீக்குச்சி பருமனில் ஒரு திருப்புளியும் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும்.

ஒருமுறை ஒரு மனிதர் மூன்று வருடம் பாடுபட்டுப் புதுப்பித்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடிக்காரர் அதைச் சுற்றி இரண்டு மணி நேரம் தவழ்ந்தார். கடைசியில் பின் மட்கார்டைத் தொட்டு, "இந்த நட்டு வண்டியைவிட ஏழு வருஷம் சின்னது" என்றார். வந்தவர் சிரித்தார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. வண்டி திரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து அவருக்கு 'நட்டு சார்' என்று பெயர். அவர் இல்லாத இடத்தில் அதோடு 'கழண்ட' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்வோம்.

நட்டு சார் உயிராக மதித்தது சங்கத்தின் நான்காவது விதியை. வண்டி முழுக்க முழுக்க உள்நாட்டில் தயாரானதாக இருக்க வேண்டும். வயது ஐம்பதுக்குக் குறையக் கூடாது. இந்த விதியை அவர் காத்த காப்பில், முப்பத்திரண்டு பேராக இருந்த சங்கம் ஒன்பது பேராகிவிட்டது. அந்த ஒன்பதில் நானும் ஒருவன். தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தவன். என் வண்டி பதினோரு வருடமாக ஸ்டார்ட் ஆகவில்லை; ஆனாலும் விதியில் 'ஓட வேண்டும்' என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடுவது தலைவரின் பேக்கரிக்குப் பின்னால் இருந்த கிடங்கில். மாவு மூட்டைகள்தாம் நாற்காலி. கூட்டம் முடிந்து எழுந்தால் ஒன்பது பேரின் பின்புறமும் வெள்ளையாக இருக்கும். வண்டிகள் கொல்லையில் நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒழுகும் ஆயிலைப் பிடிக்க ஒரு பழைய கேக் தட்டு. ஒரு தடவை தட்டு மாறிப் போய் உள்ளே ஏதோ விபரீதம் நடந்ததாகக் கேள்வி. அதற்குப் பிறகு தட்டுகளில் சிவப்புப் பெயின்டால் 'இது கேக்குக்கு அல்ல' என்று எழுதி வைத்தார் பேக்கரிக்காரர்.

இந்தப் பேக்கரிக்காரர் நட்டு சாரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். அதனால் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் ஒருவருக்கொருவர் மச்சான், மாப்பிள்ளை. சண்டை வந்தால் எது சங்கச் சண்டை, எது குடும்பச் சண்டை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நட்டு சாரின் மனைவி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர். நாற்பது இருக்கை வண்டியைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறவர். வாரத்தில் ஐந்து நாள் ஸ்டியரிங் பிடிக்கும் அந்த அம்மாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணவரின் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து வருவார். உட்கார்ந்து வருவார் என்பது பேச்சுக்கு. அந்த வண்டி எந்த இடத்தில் மூச்சை விடும் என்று அதற்கே தெரியாது. பாதி வழி அவர் தள்ளிக்கொண்டு வருவார். முன்னால் உட்கார்ந்து நட்டு சார் திசை காட்டிக்கொண்டு வருவார்.

ஒரு ஞாயிறு பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. அம்மாள் இறங்கித் தள்ளினார். அப்போது பார்த்து அவர் வேலை செய்யும் பள்ளியின் தலைமை ஆசிரியை காரில் எதிரே வந்தார். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தள்ளுகிறவரையும் உட்கார்ந்திருக்கிறவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாருக்கு உடம்பு சரியில்லையா?"

"அவர் நல்லாத்தான் இருக்கார் மேடம். வண்டிக்குத்தான் சரியில்ல."

"அப்ப அவர் இறங்கலாமே?"

"யாராவது ஒருத்தர் பிரேக்கைப் பார்த்துக்கணும்ல" என்றார் நட்டு சார், கம்பீரமாக.

மறுநாள் பள்ளியில் ஆயாவிலிருந்து கணக்கு ஆசிரியர் வரை எல்லாரும் அம்மாளிடம் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள்.  அன்று சாயங்காலம் அவர் பேருந்து டிப்போவில், மெக்கானிக்கிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஒரு ட்ரெட்மில் இருந்தது. தொந்தியைக் குறைக்க நட்டு சார் வாங்கியது. நான்கு நாள் நடந்தார். ஐந்தாம் நாளிலிருந்து அதில் ஈரத்துணி காயப்போட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது நடைவழியில் ட்ரெட்மில் இல்லை. அந்த இடத்தில் ஒரு படுதா போர்த்திய உருவம் நின்றது. துவைத்த சட்டைகள் அதன் மேல் கிடந்தன.

"மெஷின் எங்க?"

"டிப்போ மெக்கானிக்குக் கொடுத்துட்டேன். அவருக்கு முழங்கால் பயிற்சிக்கு வேணுமாம். பதிலுக்கு அவர் கொட்டகையில சும்மா நின்னதைக் கொடுத்தார்."

நட்டு சார் படுதாவை விலக்கினார். கருநீல நிறத்தில், நான்கு சைலன்சரோடு, கடல் தாண்டி வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று. வயது இருபத்தெட்டு. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். கைப்பிடியில் ஸ்டார்ட் பட்டன். பிணத்தைக் கண்டவர் மாதிரி அவர் படுதாவை மறுபடி போர்த்தினார்.

"இது வெளிநாட்டு வண்டி."

"தெரியும்."

"கிக்கரே இல்ல!"

"அதுக்காகத்தாங்க வாங்கினேன்."

அதோடு நின்றிருந்தால் வீட்டுப் பிரச்சினையாகவே முடிந்திருக்கும். அம்மாள் மறு ஞாயிறு கருநீல வண்டியிலேயே பேக்கரிக் கொல்லைக்கு வந்து இறங்கி, சங்கத்தில் சேர விண்ணப்பம் கொடுத்தார். அந்த வண்டி நின்றபோது அடியில் கேக் தட்டு வைக்க ஓடிப்போன, எங்கள் ஒன்பது பேரில் ஒருவரான தையல்காரர், ஒரு சொட்டும் விழாததைக் கண்டு தட்டோடு அப்படியே குந்தியிருந்தார்.

பேக்கரிக்காரர் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். தங்கையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஏம்மா, இதை வீட்டுலயே பேசித் தீர்த்திருக்கக் கூடாதா?"

"வீட்டுல அவர் செயலாளர் இல்லையே அண்ணே."

நட்டு சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். மனைவியின் வண்டி என்று ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. முழுதாக ஒன்றரை மணி நேரம் சோதித்து, இரண்டு பக்க அறிக்கை எழுதி, எங்கள் முன்னால் நின்று உரக்கப் படித்தார். வண்டி நல்ல நிலையில் உள்ளது. விண்ணப்பதாரர் நல்ல குணமுடையவர். நான்காவது விதியின் இரு பகுதிகளின்படியும் நிராகரிக்கப்படுகிறது.

"நல்ல குணம்னு எழுத்துல கொடுத்திருக்கீங்க. அதை நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்று அம்மாள் அறிக்கையை வாங்கி மடித்தார். பிறகு, "ஒன்பதாவது விதி என்னங்க?" என்று கேட்டார்.

செயலாளருக்கு விதிகள் மனப்பாடம். "நிராகரிக்கப்பட்டவர் கேட்டா, சங்கத்துல இருக்கற எந்த வண்டியையும் அவர் முன்னாலயே மறுசோதனை செய்யணும்."

"அப்ப உங்க வண்டியைச் சோதிக்கணும்."

நட்டு சார் மார்பை நிமிர்த்தினார். "தாராளமா. அறுபத்தொரு வருஷ வண்டி. நான் கண்ணாலே பார்க்காத திருகாணி அதுல ஒண்ணுகூடக் கிடையாது."

பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வண்டியை எடுக்கும் முன் அடியில் குனிந்து பார்ப்பார்கள். அம்மாள் அதைத்தான் செய்தார். தரையில் கோணியை விரித்துப் படுத்து, அண்ணனிடம் மாவு சுரண்டும் தகட்டைக் கேட்டு வாங்கினார். என்ஜினின் அடியில் அறுபத்தொரு வருட அழுக்கு சாக்லேட் பூச்சு மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தது. அதைப் பட்டை பட்டையாகச் சுரண்டினார். நட்டு சார் திருகாணிகளைத்தான் பார்த்திருந்தார். அந்த அழுக்கை அவர் தொட்டதேயில்லை. அது அசல் என்று அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

"என்னங்க, இங்க ஏதோ எழுத்து மாதிரி இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியல."

அவர் மல்லாந்து படுத்துப் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டார். இரும்போடு இரும்பாக வார்க்கப்பட்ட எழுத்துகள். நம் எழுத்தல்ல. ஏதோ ஒரு தூரதேசத்து வார்ப்படச் சாலையின் பெயர், ஊர், ஆண்டு. ஆரம்ப நாள்களில் நம் கம்பெனி என்ஜின் கூடுகளை வெளியிலிருந்து வரவழைத்துப் பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் நட்டு சார் வெகுநேரம் வெளியே வரவில்லை. இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பேக்கரிக்காரர் பயந்துபோய் ஒரு காலைத் தட்டி, "மாப்பிள்ளை?" என்றார்.

அவர் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு, மாவு மூட்டை மேல் உட்கார்ந்து தன் வண்டிக்கே அறிக்கை எழுதினார். அதே கையெழுத்து, அதே இரண்டு பக்கம். நான்காவது விதியின்படி நிராகரிக்கப்படுகிறது. உரிமையாளர் உறுப்பினராக நீடிக்கத் தகுதியற்றவர். எழுந்து நின்று உரக்கப் படித்தார்.

"அட, விடுங்க மாப்பிள்ளை! அழுக்கைத் திரும்பப் பூசிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே மச்சான்" என்றார் நட்டு சார்.

பிறகு அவர் செய்த காரியம்தான் எங்களைக் கலக்கிவிட்டது. தகட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். பேக்கரிக்காரர் சட்டென்று ஒரு மூட்டையை இழுத்துத் தன் வண்டிக்கு முன்னால் போட்டு, "மழை வர்ற மாதிரி இருக்கு, இன்னொரு நாள் பார்க்கலாமே" என்றார். பலிக்கவில்லை. ஒவ்வொரு வண்டியாகச் சுரண்டப்பட்டது. ஒன்பதில் ஏழு வண்டிகளின் வயிற்றில் அதே எழுத்து.

தேறியவை இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றொன்று தையல்காரருடையது, அது பத்து வருடமாகக் கிடங்கின் மூலையில் துண்டு துண்டாகப் பதினான்கு பிஸ்கட் டின்களில் இருந்தது. ஆக, எங்கள் சங்கத்தின் அசல் வண்டிகள் என்பவை, ஸ்டார்ட் ஆகாத ஒன்றும் டப்பாவில் அடைத்த ஒன்றும்.

விதியைத் திருத்தலாம் என்று எல்லாரும் கத்தினார்கள். நட்டு சார் கையை உயர்த்தினார். "தகுதி இல்லாதவங்க ஓட்டுப்போடும்போது அறைக்குள்ள இருக்கக் கூடாது. வெளிய வாங்க." முதல் ஆளாக அவரே போனார். பேக்கரிக்காரர் தன் சொந்தக் கிடங்கிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதற்குள் நிஜமாகவே தூறல் ஆரம்பித்துவிட்டது. ஏழு பேரும் கொல்லையில் நனைந்தபடி ஜன்னல் வழியே எங்களை முறைத்தார்கள். அவர்களோடு நட்டு சாரின் மனைவி மட்டும் பேருந்து மழைக்கோட்டில் நிம்மதியாக நின்றார்.

உள்ளே நானும் தையல்காரரும். வாழ்நாளில் எனக்கு அவ்வளவு அதிகாரம் வாய்த்ததில்லை.

"என்ன செய்யலாம்?" என்றேன்.

"கொஞ்ச நேரம் நனையட்டும்" என்றார் தையல்காரர். "பத்து வருஷமா என்னை டப்பா டப்பான்னு கூப்பிட்டாங்க."

பத்து நிமிடம் கழித்துக் கை தூக்கினோம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இருபத்தைந்து வயது நிரம்பிய எந்த வண்டியும் சேரலாம். எந்த நாட்டில் பிறந்தது என்று கேட்கக் கூடாது.

அடுத்த மாதத்துக்குள் கொல்லை நிரம்பிவிட்டது. டிப்போ மெக்கானிக் இன்னொரு வெளிநாட்டு வண்டியைக் கொட்டகையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தார். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் கொண்டுவந்த வண்டி விட்ட புகையில் ஒரு முழு அடுப்பு ரொட்டி மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. முன்பு ஒரே ஒரு நட்டுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கூட வந்தார். செயலாளர் இருக்கிறாரா என்று சந்துமுனையில் நின்று ஆள் விட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே நுழைந்தார்.

செயலாளர் இல்லை. புது விதிப்படி அவர் தாராளமாக வரலாம், வரவில்லை. ஆறு ஞாயிறு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவி கூப்பிடவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. கருநீல வண்டியில் போவார், வருவார், உடையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே சமைப்பார்.

"என்ன பேசினீங்க இன்னிக்கு?" என்று ஒருநாள் நட்டு சார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டாராம்.

"வண்டியைப் பத்தி."

"வண்டியைப் பத்தி என்ன?"

"எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க, எனக்கு ஒண்ணும் புரியல" என்றாராம் அம்மாள். எங்களிடம் இதைச் சொன்னபோது அம்மாளுக்கே வருத்தமாக இருந்தது. "அவர் இருந்தா ஒருத்தரையும் பேச விடமாட்டார். நல்லா இருக்கும்."

ஏழாவது ஞாயிறு காலை அவர் கடைக்கு ஒரு பிரசவ நர்ஸ் வந்தார். புது உறுப்பினர். இருபத்தாறு வருடத்து வெளிநாட்டு வண்டியில்தான் வேலைக்குப் போவார். அவர் கைப்பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தது, மேல்கண்ணாடி நொறுங்கிப்போன ஸ்பீடோமீட்டர்.

"எங்கயும் கிடைக்கல சார். சங்கத்துல கேட்டேன். நட்டு கழண்டவர்னு ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட போங்கன்னாங்க."

"நட்டு சார்னு சொல்லியிருப்பாங்க."

"ரெண்டும் ஒருத்தர்தானே?" என்றார் நர்ஸ், வெகுளியாக.

நட்டு சார் ஸ்பீடோமீட்டரைக் கவிழ்த்து வைத்தார். திருப்புளியை எடுத்தார். அந்தத் திருகாணிகள் மூக்குக்கண்ணாடித் திருகாணி அளவில் இருந்தன; பதினாறு வருடச் சங்க வாழ்க்கையில் அவர் கைக்கு இத்தனை பழகிய ஒன்றை எந்த வண்டியும் காட்டியதில்லை. பின்மூடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியை வைத்தார். உள்பக்கம், யாரும் பார்க்கவே முடியாத இடத்தில், பென்சிலால் ஒரு சின்ன 'சரி' குறி. பக்கத்தில் தேதி. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு மேஜையில், இதே மாதிரி ஒரு திருப்புளியோடு உட்கார்ந்து யாரோ சரிபார்த்துக் குறி போட்டிருக்கிறார்கள். யாரும் கேட்காமலே.

"யாரோ ஒழுங்கான ஆளு" என்றார் நட்டு சார், மெதுவாக.

மூக்குக்கண்ணாடிக்கு வந்த லென்ஸ் ஒன்றை எடுத்து, வட்டமாகத் தேய்த்து, மயிரிழை பிசகாமல் பொருத்தினார். பிறகு கடையைப் பூட்டினார். ஸ்பீடோமீட்டரை வண்டியில் வேறு யாராவது மாட்டினால் கெடுத்துவிடுவார்கள் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டு நேராகப் பேக்கரிக் கொல்லைக்கே வந்துவிட்டார்.

 அவரைப் பார்த்ததும், முன்பு நட்டுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர் ஒரு மூட்டைக்குப் பின்னால் பதுங்கினார். நட்டு சார் யாரையும் கவனிக்கவில்லை. மாட்டி முடித்து எழுந்தபோது நர்ஸ் வண்டியில் உட்கார்ந்து, "சார், இது என்ன, நம்பரெல்லாம் இவ்வளவு பெரிசாத் தெரியுது?" என்று கூவினார்.

அவசரத்தில் அவர் எடுத்தது படிக்கிற கண்ணாடிக்கான பவர் லென்ஸ்.

நட்டு சாரின் முகம் செத்துவிட்டது. கழற்றப் போனார். பேக்கரிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "மாப்பிள்ளை, என் வண்டிக்கும் இதே மாதிரி ஒண்ணு போடுங்க. எட்டு வருஷமா எவ்வளவு வேகத்துல போறேன்னே எனக்குத் தெரியாது."

அதற்கப்புறம் ஒப்புக்கொள்ளாதவர்கள் பாக்கியில்லை. பழையவர்களில் ஒருவருக்கும் ஸ்பீடோமீட்டர் முள் தெரிந்ததில்லை. புதியவர்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான். நட்டு சார் அங்கேயே ரொட்டி சுற்றும் காகிதத்தில் எழுத்துகளைச் சின்னதும் பெரியதுமாக எழுதிச் சுவரில் ஒட்டி, எல்லாரையும் மூட்டை வரிசையில் நிறுத்திக் கண் பரிசோதித்தார். வெல்டிங்காரரை மட்டும், "நீங்க வண்டி ஓட்டவே கூடாது, வீட்டுக்கு நடந்தே போங்க" என்று திட்டினார். ஆறு வாரமாகக் கேட்காத அதட்டல். கிடங்கே சந்தோஷப்பட்டது. இப்போது அவர்தான் மறுபடி செயலாளர். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஓட்டுகிறவரைத்தான் சோதிக்கிறார். வண்டியை அதன் பிறகு படுத்துப் பார்க்கிறார். எங்காவது பென்சில் குறி தென்பட்டால் ஒரு நோட்டில் வரைந்துகொள்கிறார்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கருநீல வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று மனைவியிடம் வாதாடிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அதில் ஒரு சத்தமும் இல்லை. அம்மாள் சாவியைக் கொடுத்து, "தெருமுனை வரைக்கும்தான்" என்றார்.

நட்டு சார் ஏறி உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார். என்ஜின் உடனே பேசத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கால் இருக்கிறதே, அதற்கு யார் சொல்வது? அது தன் பழக்கத்தில் மேலே எழும்பி, இல்லாத கிக்கரை ஓங்கி உதைத்தது. செருப்பு பறந்து அடுத்த வீட்டு மாடிப்படியில் விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒற்றைச் செருப்போடு போய்விட்டார்.

ஐந்து நிமிடம் போயிற்று. அரை மணி ஆயிற்று. நான் செருப்பை எடுத்து வந்து வாசலில் வைத்தேன். அம்மாள் முதலில் சிரித்துக்கொண்டிருந்தார், பிறகு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கழித்து, தலைமயிர் எட்டுத் திசையிலும் பறக்க, கண்ணில் நீர் வழிய, அவர் திரும்பி வந்தார்.

"எங்கதாங்க போனீங்க?"

"எங்கயும் போகல. இது நிக்கவே இல்ல" என்றார் நட்டு சார், மூச்சு வாங்கியபடி. "எங்கயாவது நின்னாத்தானே, சரி, வீட்டுக்குத் திரும்பலாம்னு ஒரு யோசனை வரும்?"

அம்மாள் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்; டேங்கின் அடி தெரிந்தது. பிறகு சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.